இறக்க இடமில்லாத பல்லக்கு

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாத ஒரு நாட்டில், அரசருக்குப் புது முத்திரை மோதிரம் ஒன்று வந்தது. அரசர் தங்கமான மனிதர்தான். ஆனால் புதிதாக ஒரு பொருள் கிடைத்துவிட்டால் கை சும்மா இராது. நீட்டிய ஓலையிலெல்லாம் அரக்கை ஊற்றிக் குத்து குத்தென்று குத்தினார். படித்துப் பார்க்க நேரம் ஏது?

நகர அதிகாரி ஏகாம்பரனார் இதுதான் சமயமென்று இரண்டு ஓலைகளை நீட்டினார். அந்த ஊரில் மாட்டுக்கொட்டகை போடுவதென்றாலும் அவரிடம் மனுக் கொடுக்க வேண்டும். நிலத்தை அளக்க வேண்டும். மூன்று நாள் பறையறைந்து, மறுப்பவர் உண்டா என்று கேட்க வேண்டும். அதெல்லாம் ஊராருக்கு. அவருக்கு மட்டும் ஒரே குத்தில் அனுமதி கிடைத்தது. அரண்மனை வாசலில் ஐந்து புங்கமரங்கள் நின்ற திடலில் அவர் மாளிகை கட்டிக்கொள்ளலாம் என்றது முதல் ஓலை. அது பல்லக்குத் தூக்கிகள் பல்லக்கை இறக்கித் தோளை ஆற்றிக்கொள்ள முன்பே அனுமதி பெற்றிருந்த ஒரே இடம். திடலை இழந்தவர்கள் தன் வீட்டு வாசலில் வந்து இறக்கிவிடக் கூடாதே என்று இரண்டாம் ஓலை: 'பல்லக்கு இறக்க அனுமதி பெறாத இடத்தில் பல்லக்கை இறக்குபவனுக்கு வேலை இல்லை.'

மறுநாளே தூக்கிகள் பன்னிரண்டு பேரும் தோளைக் கொடுக்க மறுத்துத் திடலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சபை கூடியது. "அரசே, இவர்களை நீக்கிவிட்டு வேற்றூர் ஆட்களை வைத்துக்கொள்ளலாம்," என்றார் ஏகாம்பரனார். பிறகு அரசவை விகடன் அம்பலத்தாடியை ஓரக்கண்ணால் பார்த்தார். அரசர் சிரிப்பதெல்லாம் இவன் பேச்சுக்குத்தான் என்பதில் அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். "அல்லது அவர்களோடு கூழ் குடித்துத் திரியும் இந்த விகடர் நாளைக் காலைக்குள் அழைத்து வரட்டும். முடியாவிட்டால் அவரும் அவர்களோடு ஊரைவிட்டுப் போகட்டும்."

அரசர் மோதிரத்தைத் தடவிக்கொண்டார். "நல்ல யோசனை. ஆனால் அம்பலத்தாடி, நான் குத்திய முத்திரையை அழிக்க மாட்டேன். அவர்களுக்குப் புதிதாக எதுவும் கொடுக்கவும் மாட்டேன்."

"உத்தரவு, அரசே," என்று வணங்கினான் அம்பலத்தாடி. பிழைக்க வழி தேடி இந்த ஊருக்கு வந்த அன்று, யார் எவர் என்று கேட்காமல் புங்கமர நிழலில் பாய் போட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு ஒன்று என்றால் அவனால் தாங்க முடியாது.

திடலில் தூக்கிகளின் தலைவன் காளத்தி முகங்கொடுத்துப் பேசவில்லை. "நீயும் அவங்க ஆளாயிட்டியா அம்பலம்? காலையில இருந்து சுமக்கிற தோளுப்பா இது. ஒரு நாழி நிழல்ல இறக்கி வைக்கக் கூடாதா?"

"வைக்கணும் அண்ணே. அதுக்குத்தான் சொல்றேன், நாளைக்கு வேலைக்கு வாங்க. அதிகாரி ஓலையில என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே செய்யுங்க. ஒரு எழுத்து பிசகக் கூடாது."

காளத்தி ஓலையின் நகலை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். இரண்டாம் முறை படிக்கும்போது மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மாளிகைக்குக் கடைக்கால் போட நல்ல நேரம் குறித்திருந்தது. ஓலை வருமுன்பே தன் வீட்டு முற்றத்தில் இறக்கி வைத்திருந்த பல்லக்கில் ஏகாம்பரனார் பட்டு உடுத்தி ஏறினார். திடல் வந்தது. பல்லக்கு நிற்காமல் போயிற்று.

"அடேய், இறக்குங்கள்!"

"இது மாளிகை கட்ட அனுமதி வாங்குன இடமுங்க. பல்லக்கு இறக்க அனுமதி இல்லீங்களே," என்றான் காளத்தி பணிவாக.

"சரி, என் வீட்டு முற்றத்துக்குப் போங்கள்!"

"அது குடியிருக்க அனுமதி வாங்குனதுங்க."

"நான் சொல்கிறேன், இங்கேயே இறக்கு! நானே அனுமதி தருகிறேன்!"

பக்கத்தில் ஓலையும் எழுத்தாணியுமாக ஓடிவந்த அம்பலத்தாடி மூச்சு வாங்கச் சொன்னான்: "ஐயா, வாய்ச்சொல் அனுமதி செல்லாது என்பது தங்கள் விதி. மனுக் கொடுங்கள். நிலத்தை அளந்துவிடுவோம். மூன்றே நாள் பறையறைந்தால் முடிந்தது."

"மூன்று நாளா!"

குதித்துவிடலாமா என்று எட்டிப் பார்த்தார். ஆள் உயரம். உடம்போ நெல் குதிர். முழங்காலோ இப்பவோ அப்பவோ. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். தூக்கிகள் முறை வைத்துத் தோள் மாற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். நல்ல நேரம் போய் இராகு காலம் வந்தது. காலையில் இரண்டு செம்பு மோர் குடித்திருந்த ஏகாம்பரனாருக்கு வேறு அவசரமும் வந்தது.

மூன்றாம் சுற்றில் அரசர் உப்பரிகையிலிருந்து பார்த்துவிட்டார். "ஏகாம்பரனாரே, நகர்வலமா?"

"அரசே! இவர்களை இறக்கச் சொல்லுங்கள்!"

"முத்திரையை அழிக்க மாட்டேன் என்று நேற்றுச் சொல்லிவிட்டேனே," என்று அரசர் மெய்யாகவே வருந்தினார்.

"அழிக்க வேண்டாம், அரசே," என்றான் அம்பலத்தாடி. "பெற்ற அனுமதியை அதிகாரியே வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் திடல் இந்த நொடியே பழையபடி பல்லக்குத் திடல். கைவிடுவதற்குப் பறையும் வேண்டாம், அளவுகோலும் வேண்டாம்."

ஆடும் பல்லக்கிலிருந்து ஒரு கை நீண்டது. அந்த ஊர்ச் சரித்திரத்தில் அவ்வளவு விரைவாக எழுதப்பட்ட ஓலை வேறில்லை. பல்லக்கு புங்கமர நிழலில் இறங்கியது. ஏகாம்பரனார் யாரையும் பார்க்காமல் புதர்ப்பக்கம் ஓடினார்.

அரசர் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் இறங்கி வந்து காளத்தியின் காய்ப்பேறிய தோளில் கை வைத்தார். "படிக்காமல் குத்திவிட்டேனப்பா. இனிப் படிப்பேன்," என்றவர் விகடன் பக்கம் திரும்பினார். "அம்பலத்தாடி, உனக்கு ஒரு பல்லக்கே பரிசு!"

"பல்லக்கு வேண்டாம், அரசே. இந்த நிழலில் ஒரு பாய் போடும் இடம் போதும்."

அரசர் வாய் திறக்குமுன் காளத்தி முந்திக்கொண்டான். "இது பல்லக்கு இறக்குற இடம்ப்பா. பாய் போடணும்னா மனுக் குடு. அளந்து பாத்துட்டு மூணு நாள் பறையடிப்போம்."

சொல்லிக்கொண்டே தன் பாயை உதறி விரித்து, பாதியை அவனுக்கு விட்டுவிட்டுப் படுத்தான். அவன் தோளும் ஆறியது. இவன் மனமும் ஆறியது. கதையையும் இங்கேயே இறக்கி வைக்கிறேன்.