கோட்டைக் கதவுக்குக் காது வைத்த கதை

மருதங்கோட்டை பெரிய ராஜ்யம் ஒன்றும் இல்லை. ராஜா தும்மினால் எல்லையில் நிற்கிற காவலாளி "தீர்க்காயுசு" சொல்லிவிடுவான். ஆனால் ராஜா மகுடேசுவரனின் தோரணை மட்டும் ஏழு ராஜ்யத்துக்குக் காணும். அவர் வாய்விட்டுப் பேச மாட்டார். ராஜ குரல் உயரக்கூடாது என்பது அந்த வம்சத்து வழக்கம். அவர் முணுமுணுப்பார். பக்கத்தில் நிற்கிற கட்டியக்காரன் சடையப்பன் அதைக் கேட்டு ஊர் அதிரச் சொல்வான். சாப்பாட்டில் ரசம் போதவில்லை என்றாலும் அப்படித்தான்.

இந்த ஊருக்கு ரத்னாகரன் என்றொரு கடல் கடந்த வியாபாரி வந்தான். கொண்டுவந்த சரக்கு பித்தளைப் பதுமைகள். "விளக்கு" என்றால் விளக்கேற்றும், "விசிறி" என்றால் விசிறும். விலை கிடையாது, சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்றான். ராஜா பூரித்துப்போய் படுக்கையறை, பூஜையறை, குளியலறை என்று ஒரு மூலை விடாமல் வைத்துவிட்டார். பதுமைகள் கேட்டதெல்லாம் வியாபாரியின் சத்திரத்தில் இருந்த தாய்ப்பதுமைக்குப் போய்ச் சேரும். அப்போதுதான் அவை நன்றாகப் பழகும் என்று அவன் விளக்கம் சொன்னான்.

கொஞ்ச நாளில் அரண்மனை வாசலில் மீசைக்கு மை விற்கிறவன் வந்து நின்றான். அவன் பின்னால் சீடை விற்கிறவள். நம் மனசில் நினைத்தது வாசலுக்கே வருகிறதே என்று ராஜா சொக்கிப்போனார். மீசையில் நரை விழுந்ததென்று கண்ணாடி முன் தனியாக முணுமுணுத்ததும், ஏகாதசி விரதத்தன்று குளியலறைக்குள் சீடை கடிபடுகிற சத்தம் கேட்பதும் அதுவரை அவருக்கு மட்டும் தெரிந்த சங்கதிகள். அவருடைய ஆயுசுக்காக ராணி அன்றைக்குப் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள், பாவம்.

அரசவை விகடகவி பிச்சாண்டிக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"மகாராஜா, கூப்பிட்ட கணமே ஒருவன் வந்து நிற்கிறான் என்றால், அதுவரை கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தான் என்று அர்த்தம்" என்றான்.

உனக்குப் பொறாமை என்று ராஜா முணுமுணுத்தார். உனக்குப் பொறாமை என்று சடையப்பன் முழங்கினான்.

அதோடு விட்டாரா? கோட்டைக் கதவுக்கும் பதுமை வைத்து, தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னார். அரண்மனையை ஆள்கிறவர் குரலுக்கு மட்டுமே கதவு திறக்கும் என்று ரத்னாகரன் சத்தியம் செய்தான். அமாவாசையோடு வாயில் காவலர்கள் வீட்டுக்குப் போகலாம். அதற்குள் இதில் ஆபத்து இருக்கிறதென்று காட்டாவிட்டால் பிச்சாண்டியும் நாட்டைவிட்டுப் போகலாம் என்று உத்தரவாயிற்று.

பிச்சாண்டி மூட்டை கட்டவில்லை. ஒரு விஷயத்தை அவன் முன்பே கவனித்திருந்தான். சடையப்பன் சாப்பிடப் போன நேரத்தில் ராஜா விசிறி கேட்டால் பதுமை அசையாது. தூங்குகிறது போல என்று ராஜா வியர்வையைத் துடைத்துக்கொள்வார்.

ராஜா வேட்டைக்குக் கிளம்பிய அன்று பிச்சாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வீட்டில் விசேஷம், சடையப்பனைச் சாப்பிட விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றான். காட்டில் பன்றிக்குக் கட்டியம் கூற வேண்டியதில்லை என்று ராஜாவும் சம்மதித்தார்.

சாயங்காலம் கொட்டுகிற மழையில் ராஜா திரும்பி வந்தார். பசி வேறு. கதவின் முன் நின்று "திற" என்று முணுமுணுத்தார்.

"அறியாத குரல். தள்ளி நில்" என்றது பதுமை.

வாயில் காவலர்கள் தள்ளிப் பார்த்தும் கதவு அசையவில்லை. ராஜா பட்டப்பெயர்கள் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். வம்ச வழக்கத்தை மறந்து கத்தியும் பார்த்தார். பழக்கமில்லாத தொண்டை, கீச்சென்றது. கூட வந்த வேட்டைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நீ ராஜாவானால் இதற்குப் பதில் சொல். போன ஏகாதசியன்று குளியலறையில் தின்றது என்ன?" என்று பதுமை உரக்கக் கேட்டது.

ராஜாவின் முகம் வெளுத்தது. பதுமையின் காதோடு வாயை வைத்து ஏதோ சொன்னார்.

"பதில் சரி. குரல் தவறு. தள்ளி நில்."

மதில்மேல் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று பிச்சாண்டி. இன்னொன்று பாயசம் ஒழுகும் வாயோடு சடையப்பன். பிச்சாண்டி அவன் விலாவில் இடித்தான்.

"திற" என்றான் சடையப்பன். கதவு படாரென்று திறந்துகொண்டது.

ராஜா சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். பிச்சாண்டி குடையோடு இறங்கி வந்தான்.

"பதுமையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், மகாராஜா. அது வந்த நாளிலிருந்து இந்த அரண்மனையில் உத்தரவு போட்ட ஒரே குரல் சடையப்பனுடையது. அதன் கணக்கில் அவன்தான் ராஜா. அந்தக் குரல் இப்போது ரத்னாகரன் சத்திரத்திலும் இருக்கிறது. எதிரி வந்து கேட்டால் அதையும் சும்மாதான் கொடுப்பானோ என்னவோ."

ராஜா மீசையில் வடிந்த தண்ணீரைப் பிழிந்தார். பிறகு சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதுமைகளை உருக்கி அண்டா செய்யவும், ரத்னாகரனை அடுத்த கப்பலில் ஏற்றவும், தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டவும் உத்தரவு போட்டார். தன் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டார். போடுகிற சாக்கில் அவன் காதோரம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

சடையப்பன் பக்கத்திலேதான் நின்றிருந்தான். ராஜாவின் உதடு அசைந்தால் முழங்குவது அவன் உத்தியோகம். மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

"ராஜாதிராஜ, மருதங்கோட்டை மகுடேசுவர மகாராஜா ஆணை! ஏகாதசியன்று சீடை தின்றது மகாராணிக்குத் தெரிய வேண்டாம்!"

மேல்மாடத்து ஜன்னல் திறந்தது. ராணியின் குரலுக்குக் கட்டியக்காரன் தேவைப்படவில்லை.