பாவாயி வைத்த தீ

இதைக் கேட்டுவிட்டு அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். வயிற்றெரிச்சல் பிடித்த கதை இது.

ராசிபுரத்துப் பக்கம் ஓர் ஊர். கடல் தாண்டி வந்த மாவுப்பூச்சி அங்கே மரவள்ளிக் காடுகளில் விழுந்தது. குருத்தெல்லாம் சுருண்டு, பார்க்கவே பகீரென்றது. எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. வேளாண்மை அதிகாரி ஒரு குப்பியில் எள்ளளவே உள்ள குளவிகளைக் கொண்டுவந்தார்.

"இது பூச்சிக்குள்ள முட்டை வெக்கும். பூச்சி பழுப்பாகி உப்பும். உள்ள வளர்ற குளவி வட்டமா ஓட்டை போட்டுப் பறந்துபோகும். அதுவரைக்கும் மருந்தும் அடிக்கக் கூடாது, தீயும் வெக்கக் கூடாது. குளவி பெருக, பூச்சி மண்டின காடு ஒண்ணு வேணும்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பூச்சி அதிகம் மண்டியிருந்தது பாவாயியின் காட்டில். அவளுக்கும் அவள் கணவனுக்கும் அந்த ஒரு காடுதான் சோறு.

"உன் காட்டை விடு பாவாயி. அறுவடையில ஆளுக்கு ஒரு சால், ஒரு வரிசைச் செடிக் கிழங்கு முழுசா தர்றோம்" என்றான் பக்கத்துக் காட்டுச் சீரங்கன். மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்து ஊரே சத்தியம் செய்தது. குளவி போகும்வரை காட்டைத் தொடமாட்டேன் என்று அவளும் செய்தாள்.

அதிகாரி குளவிகளை அவள் காட்டில் திறந்துவிட்டார். காடு கண்ணெதிரே காய்ந்தது. மருந்தடிக்கப் போன கணவனைக் கையைப் பிடித்துத் தடுத்தாள். ஒருநாள் சீரங்கன் வரப்பில் நின்று, "என் காட்டுலயும் பூச்சி பழுப்பாகுது புள்ள" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னான். பாவாயி தன் செடிகளை இலை இலையாகப் புரட்டிப் பார்த்தாள். பழுப்புக் கூடு ஒவ்வொன்றிலும் ஓட்டை. அதன் பிறகுதான் காய்ந்த செடிகளுக்குத் தீ வைத்துவிட்டுக் கொள்ளு விதைத்தாள். மழை ஏமாற்றியதில் கொள்ளும் போயிற்று.

மற்றவர்கள் காடெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிந்து, கிழங்கு தொடைத் தண்டி திரண்டது. அறுவடையன்று அவள் கூடையோடு போனாள்.

"குளவியை எரிச்சவளுக்குக் கிழங்கு எதுக்கு? சத்தியத்தை மீறினது நீதான்" என்றான் சீரங்கன். மற்றவர்கள் குனிந்து கிழங்கு பிடுங்கிக்கொண்டே இருந்தார்கள்.

"ஓட்டையப் பாத்துட்டுத்தானுங்கண்ணா வெச்சேன்."

"யாரு கண்டா?"

சாம்பலில் எந்த ஓட்டையைக் காட்டுவாள், பாவி?

இப்போது சொல்லுங்கள். சத்தியத்தை மீறியது யார்?

விடை: ஊர்தான். சீரங்கன் வாயே அதற்குச் சாட்சி. அவன் காட்டுப் பூச்சி பழுப்பாயிற்று என்றால், குளவி பாவாயியின் காட்டிலிருந்து பறந்து வந்துவிட்டது என்று அர்த்தம். தீக்குப் பிறகும் ஊர்க்காடுகள் தெளிந்தனவே, செத்த குளவியா அதைச் செய்தது? ஊருக்கும் இது தெரியும். ஆளுக்கு ஒரு சால் கிழங்கு மிச்சமாகிறதே என்று பேசாமல் இருந்துவிட்டது. பாவாயியும் கணவனும் கரும்பு வெட்டப் போய்விட்டார்கள். மறுவருஷம் பூச்சி திரும்ப வந்தது. அதிகாரி குப்பியோடு வந்து, யார் காட்டைத் தருகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கிழங்கு தருகிறோம் என்று சத்தியம் செய்ய அந்தமுறை யாருக்கும் வாய் வரவில்லை.