ஓணான் தலையாட்டத் தொடங்கிய கதை

உமையம்மை மீது கொண்ட அன்பால் தன் திருமேனியில் பாதியையே கொடுத்துவிட்டு, அடியார்கள் பித்தன் என்று அழைத்தாலும் முகம் கோணாத பெருமானின் திருவடிக்கு முதல் வணக்கம். காதல்வயப்பட்ட ஓர் எளிய உயிரின் கதைக்கு அவனன்றி வேறு யார் துணை?

அந்தக் காலத்தில், உயிர்களெல்லாம் ஒன்றோடொன்று பேசி வாழ்ந்தபோது, ஓணானின் கழுத்து அசையாது. நட்டுவைத்த கழிபோல் விறைத்து நிற்கும். கள்ளிவேலியில் குடியிருந்த நிமிரன் என்னும் ஓணானுக்கு அதில் பெருமை வேறு. யானையே எதிரில் வந்தாலும் தலை தாழ்த்தி வணங்க மாட்டான்.

அப்படிப்பட்டவன் ஆவாரை என்னும் பெண் ஓணானைக் கண்டான். அதன்பின் மூக்கின்மேல் பூச்சி வந்து உட்கார்ந்தாலும் பிடிக்க மறந்தான். அழகு கூடும் என்று எண்ணி, கோவைப்பழத்தைப் பிழிந்து கழுத்தெல்லாம் பூசிக்கொண்டு அவள் முன்னே போய் நின்றான்.

"கழுத்தில் என்ன, புண்ணா?" என்றாள் ஆவாரை.

நிமிரனுக்கு நாக்கு எழவில்லை. அவள் எதைக் கேட்டாலும் ஆம் என்று சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றிற்று. அதுவரை அசைந்தறியாத தலை மெல்ல ஆடியது.

"பாட வருமா உங்களுக்கு?"

ஆடியது.

"பறக்க?"

அதற்கும் ஆடியது.

மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அணில், "அண்ணே, கடலைக் குடிப்பீர்களா என்றாலும் ஆட்டுவீர்கள் போலிருக்கிறதே" என்றது. அணிலுக்கும் ஓர் ஆட்டு ஆட்டினான்.

சிரித்த ஆவாரையின் முகம் வாடியது. "இந்த வேலிக்கு வரும் செம்போத்துப் பறவை என் உடன்பிறந்தார் எல்லாரையும் விழுங்கிவிட்டது. நாளை நான் மலையடிவாரத்துக்குப் போய்விடுவேன். அதை எதிர்த்து நிற்பவர் ஒருவர் இருந்தால் இங்கேயே இருந்து அவரையே மணப்பேன். நீங்கள் நிற்பீர்களா?"

அவள் சொல்லி முடிக்கும் முன்பே தலை ஆடிவிட்டது.

மறுநாள் காலை, சாவதென்றாலும் பார்க்க நன்றாயிருக்கட்டும் என்று கோவைச் சாற்றைப் புதிதாகப் பூசிக்கொண்டு, வேலியின் உச்சியில் ஏறி அமர்ந்தான் நிமிரன். கள்ளித்தண்டை இறுகப் பற்றிக்கொண்டான். சிவந்த கண்களை உருட்டியபடி செம்போத்து வந்து எதிரில் இறங்கிற்று. தன்னைக் கண்டு ஓடாத ஓணானை அது அன்றுதான் பார்க்கிறது.

"நான் யாரென்று தெரியுமா உனக்கு?"

ஐயா, விட்டுவிடும் என்று கதறவே நிமிரன் வாயைத் திறந்தான். அச்சத்தில் குரல் வரவில்லை. பழகிப்போன தலைதான் ஆடிற்று.

"தெரிந்துமா நிற்கிறாய்?" செம்போத்து அவன் கழுத்தை உற்றுப் பார்த்தது. "இது என்ன இரத்தம்? யாரையாவது தின்றுவிட்டா வருகிறாய்?"

தலை ஆடிற்று.

"செம்போத்தையா?"

இன்னும் வேகமாக ஆடிற்று.

"அப்படியானால்... அடுத்து நானா?"

நடுக்கம் முற்றி, கழுத்தே கழன்று விழும்போல் ஆடிற்று. செம்போத்து புதருக்குள் பாய்ந்தது. அந்த வேலிப்பக்கம் பிறகு தலைகாட்டவே இல்லை.

அணில் வாலை உயர்த்திக்கொண்டு வேலி நெடுக ஓடி வெற்றியை அறிவித்தது. ஒளிந்திருந்த உயிர்களெல்லாம் வெளியே வந்து நிமிரனைச் சூழ்ந்தன. ஆவாரை அருகில் வந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "உண்மையைச் சொல்லுங்கள். பயந்துவிட்டீர்களா?" என்றாள்.

தலையாட்டினான்.

"நீங்கள் சொன்னதிலேயே முதல் உண்மை இதுதான்" என்று சிரித்தாள். "சரி, என்னை மணக்கச் சம்மதமா?"

அப்போது ஆடத் தொடங்கிய தலையை அவனால் நிறுத்தவே முடியவில்லை. கோவைச் சாறு அடுத்த மழையில் கரைந்து போயிற்று. ஆனால் அவளைக் காணும்போதெல்லாம் அந்தச் சிவப்பு தானே கழுத்தில் ஏறிற்று.

அன்று முதல்தான், பருவம் வந்ததும் ஆண் ஓணான் கழுத்துச் சிவந்து, வேலி உச்சியில் ஏறி, யாரும் ஒன்றும் கேட்காமலே தலையாட்டிக்கொண்டிருக்கிறது.

இதைக் கேட்டவர் இல்லத்தில் அன்பு குறையாதிருக்கட்டும்; அந்த அன்பினால் அவர்கள் செய்யும் அசட்டுத்தனங்களையெல்லாம் அம்மையப்பன் வெற்றியாக முடித்துவைக்கட்டும்.