தலைவர் செய்த பயிற்சி

போட்டி நாளில், துப்பாக்கிச் சங்கத் தலைவர் தணிகாசலம் மூன்று முறை சுட்டும் ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. விருந்தாளிகள் முன்னால், துப்பாக்கி துடைக்கும் சவரியம்மாள் மேல் பாய்ந்தார்.

"என் துப்பாக்கியைக் கெடுத்தது யாருன்னு இப்பவே சொல்லு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

பன்னிரண்டு வருஷம் துடைத்த கைக்கு இதுவா மரியாதை! கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"சொல்றேங்கய்யா. அதுக்கு முன்னாடி, வீட்டுல இதே துப்பாக்கியில நீங்க பயிற்சி பண்றதை எல்லாருக்கும் காட்டுங்களேன்."

தலைவர் பூரித்துப்போனார். தோட்டாவை எடுத்துவிட்டு, வெறும் துப்பாக்கியின் விசையை 'டிக் டிக்' என்று இழுத்தார்.

"தினமும் இருநூறு தடவை!"

வெடிக்காத தோட்டாவை அவள் உயர்த்திக் காட்டினாள். விளிம்பில் லேசான கீறல்தான் இருந்தது.

"விசையை இழுத்தா துப்பாக்கிக்குள்ள இருக்கிற ஊசி தோட்டா விளிம்புல பலமா அடிக்கணும், அப்பத்தான் இது வெடிக்கும். தோட்டா இல்லாம வெறுமனே இழுத்தா ஊசி இரும்புல மோதி மழுங்கிடும். கெடுத்தது யாருன்னு கேட்டீங்க. எத்தனை தடவைன்னுகூட ஐயாவே சொல்லிட்டீங்க."