லேட்டாக வராதவர்களுக்கு நோட்டீஸ்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில், ஒரு நாள்கூட லேட்டாக வராத தையல்காரர்களுக்கெல்லாம் சஸ்பெண்ட் நோட்டீஸ் போய்விட்டது. அனுப்பியது கம்ப்யூட்டர். யாருக்கு அனுப்புவது என்று அதற்கு விதி சொன்னவர் மேனேஜர் கனகசபாபதி: "தையல் பிரிவு அல்லது பேக்கிங் பிரிவு, மற்றும் அடிக்கடி லேட்." கம்ப்யூட்டர் லேட்டைப் பேக்கிங்கோடு மட்டும் சேர்த்துக்கொண்டது. தையல் பிரிவை முழுசாக வாரிப் போட்டுவிட்டது.

புரோகிராம் எழுதப் புதிதாகச் சேர்ந்த நவமணி, இரண்டு பிரிவையும் ஒரே அடைப்புக்குறிக்குள் வைத்தால் லேட் இரண்டுக்கும் பொருந்தும், சரியாகிவிடும் என்றாள்.

"நான் சொன்னதுல நீ அடைப்புக்குறி போடுவியா அம்மிணி? என் விதி சரியாத்தான் இருக்கு. நோட்டீஸ் வாங்குனவங்க நாளைக்கு வரவேண்டாம்."

"சரிங்க சார். இதே விதியை ஆபீசுக்கும் போட்டுப் பாக்கலாங்களா? இங்கயும் லேட்டா வர்றவங்க இருக்காங்க."

"தாராளமாப் போடு."

வாட்ச்மேனுக்கு முந்தி கேட்டில் வந்து நிற்கிற மனுஷன் அவர். அவருக்கென்ன பயம்?

நவமணி 'தையல்' என்றிருந்ததை 'ஆபீஸ்' என்று மாற்றினாள். வேறெதையும் தொடவில்லை. பிரிண்டர் கக்கிய முதல் நோட்டீஸே கனகசபாபதி பேரில் வந்தது.

"நான் என்னிக்கு லேட்டா வந்தேன்?"

"தையல்காரங்களும் அதையேதான் கேக்கறாங்க சார்."

மேனேஜர் நோட்டீசை மடித்துச் சட்டைப்பையில் திணித்தார். "அந்தக் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் புத்தி சொல்லிவை" என்றார்.

மறுநாள் தையல்காரர்கள் எல்லாரும் வேலைக்கு வந்தார்கள். கோளாறைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியதாக முதலாளியிடம் சொல்லிக்கொண்டார் கனகசபாபதி. சொல்லிக்கொள்ளட்டும். அடைப்புக்குறி போட்டது நவமணி.