சரியாகிவிட்டது, நன்றி

நொச்சிக்குளத்தில் செவ்வந்தி என்றொரு நீர்நாய் தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்துவந்தாள். குளத்தின் மேற்குக் கரையோரம் ஆழமான மடு ஒன்று இருந்தது. சித்திரை வெயிலில் குளம் முழுக்கச் சேறாகிப் பாளம் பாளமாக வெடித்தாலும் அந்த மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். குட்டிகள் அப்போதுதான் நீந்தப் பழகிக்கொண்டிருந்தன. மடு இல்லையென்றால் அவற்றுக்கு மீனும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

மலையடிவாரத்துக் காட்டுப்பன்றிகளுக்கும் அந்த மடுவின் மேல் ஒரு கண். அவை ஒரு நாள் இறங்கிப் புரண்டால் போதும், தண்ணீர் குழம்பாகிவிடும். முன்பெல்லாம் கோடை பிறந்தாலே கடியும் குத்துமாகச் சண்டைதான். கடைசியில் கடமான் ஒருத்தி நடுவராக வந்து தீர்ப்புச் சொன்னாள். இனி ரத்தம் வேண்டாம், கணினியில் விளையாடித் தீர்த்துக்கொள்ளுங்கள், ஜெயிக்கிறவர்களுக்கு அந்தக் கோடை முழுக்க மடு என்றாள். இரண்டு பக்கமும் தலையாட்டின.

விளையாட்டு ஓடப் போட்டி. ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். ஒருவர் துடுப்புப் போடவேண்டும், மற்றவர் சுக்கான் பிடிக்கவேண்டும். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் ஓடம் இருந்த இடத்தைவிட்டு அசையாது. குளத்தின் சார்பில் துடுப்புக்குச் செவ்வந்தி. சுக்கானுக்கு, கிழக்குக் கரை நாணலில் குடியிருந்த நாமக்கோழி வரதன். நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம், வாயில் எப்போதும் நிதானமான பேச்சு. இரண்டு வருஷமாக இந்த ஜோடிதான் மடுவைக் காப்பாற்றிவந்தது.

இருவர் கணினியையும் இயக்கியது தாழை லினக்ஸ் என்ற மென்பொருள். லினக்ஸில் எத்தனையோ வகை உண்டு. ஒவ்வொரு வகைக்கும், அதுதான் உலகத்திலேயே உசத்தி என்று மார்தட்ட ஒரு கூட்டமும் உண்டு. செவ்வந்தி அந்தக் கூட்டத்தில் சேராதவள். விளையாட்டு ஓடினால் அவளுக்குப் போதும்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள் அல்லவா? வியாழக்கிழமை காலை, ‘புதிய அப்டேட் வந்திருக்கிறது’ என்று திரை சொன்னது. செவ்வந்தியும் யோசிக்காமல் ‘சரி’ என்று அமுக்கினாள். கணினி ஒருமுறை அணைந்து எழுந்தது. எழுந்ததிலிருந்து, விளையாடுவதற்குக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரை அதற்கு அடையாளமே தெரியவில்லை. கழற்றி மாட்டினாள். வேறு துளையில் மாட்டினாள். ஊதி மாட்டினாள். அந்த விளையாட்டோ கன்ட்ரோலர் இல்லாமல் தொடங்கவே தொடங்காது.

காட்டில் கணினிக்காரர்கள் கூடிப் பேச ‘ஆலமர மன்றம்’ என்று இணையத்தில் ஓர் இடம் இருந்தது. அங்கே போய்ப் பணிவாக எழுதினாள். அப்டேட்டுக்குப் பிறகு கன்ட்ரோலர் வேலை செய்யவில்லை, ஞாயிறு போட்டி, யாராவது உதவுங்கள் என்று.

ஒரு மணி நேரத்தில் பதினான்கு பதில்கள் வந்தன. செவ்வந்திக்குக் கண் கலங்கிவிட்டது, எவ்வளவு நல்ல மனசு என்று. அந்தச் சந்தோஷம் முதல் பதிலைப் படிக்கும்வரைதான்.

தாழையை வைத்துக்கொண்டு யாராவது விளையாடுவார்களா, பாறை லினக்ஸுக்கு மாறு என்று உடும்பு எழுதியிருந்தது. ஆறு வருஷமாக அதையே பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறதாம். உடும்பு பிடித்தால் விடாது என்பது ஊருக்கே தெரியும், அதை ஒரு தகுதியாக வேறு சொல்லவேண்டுமா? கேட்பதற்கு முன்னால் கையேட்டைப் படித்தாயா என்று முள்ளம்பன்றி குத்தியது. எந்தப் பக்கம் என்று மட்டும் அது சொல்லவில்லை. தேவாங்கு ஒன்றுதான், கன்ட்ரோலர் என்ன மாடல் என்று ஒழுங்காகக் கேட்டது. செவ்வந்தி உடனே பதில் போட்டாள். தேவாங்கு அதற்கப்புறம் வரவே இல்லை. காகம் ஒன்று, ‘எனக்கு நல்லாத்தான் ஓடுது’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தது. உனக்கு ஓடினால் எனக்கு என்ன என்று செவ்வந்தி திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். மிச்சப் பத்துப் பதிலிலும் உடும்பும் பாறை லினக்ஸைப் பிடிக்காத மற்றவர்களும் அடித்துக்கொண்டார்கள். அதில் கன்ட்ரோலர் என்ற வார்த்தையே இல்லை.

வெள்ளிக்கிழமை பொறுக்கமாட்டாமல் மன்றத்தின் பழைய பேச்சுகளையெல்லாம் தோண்டினாள். கண் பூத்துப்போன நேரத்தில் ஒன்று அகப்பட்டது. இரண்டு வருஷத்துக்கு முந்தையது. அதே தாழை, அதே அப்டேட் தொல்லை, அதே கன்ட்ரோலர். எழுதியவள் மரகதம் என்கிற மீன்கொத்தி. நடுவில் வழக்கமான சண்டை. எல்லாவற்றுக்கும் கடைசியில் மரகதமே எழுதியிருந்தாள்: ‘சரியாகிவிட்டது, நன்றி.’

அவ்வளவுதான். எப்படிச் சரியானது என்று ஒரு சொல் இல்லை. செவ்வந்தி மேலும் கீழும் தேடினாள். அடுத்த பக்கம் இருக்குமோ என்று பார்த்தாள். ‘எப்படி?’ என்று அதன் கீழே எழுதிவிட்டு ராப்பொழுதுவரை காத்திருந்தாள். பதில் வரவில்லை. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

சனிக்கிழமை விடிந்ததும் குட்டிகளை வளையில் விட்டுவிட்டு, மரகதம் வசிக்கும் மலையோடைக்கு நடந்தாள். நீர்நாய்க்கு நீச்சல் சுகம், நடை நரகம். பாதம் இரண்டு இடத்தில் வெடித்து, உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தாள். மரகதம் ஒரு கிளையில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தாள். செவ்வந்தி விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகத்தான் கேட்டாள்.

“அதுவா? ஆமாம்மா, எனக்கும் வந்துச்சு. மூணு நாள் உசிர வாங்கிடுச்சு.”

“எப்படிக்கா சரி பண்ணீங்க?”

“என்னமோ ஒண்ணு பண்ணேன். சட்டுன்னு சரியாயிடுச்சு.”

“என்ன பண்ணீங்க, அத சொல்லுங்கக்கா.”

மரகதம் அலகை ஒருபக்கம் சாய்த்து யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள். “ஞாபகம் இல்லையேம்மா. சரியானதும் சந்தோஷத்துல விளையாட உக்காந்துட்டேன்.”

செவ்வந்தி எழுதிவைத்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். எனக்குத்தான் சரியாகிவிட்டதே, அப்புறம் எதற்கு எழுதுவது என்று மரகதம் கேட்டாள். அவள் குரலில் கள்ளமே இல்லை. அதுதான் செவ்வந்தியை இன்னும் எரித்தது. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்று முணுமுணுத்துக்கொண்டே, அதே வெடித்த பாதங்களோடு திரும்பினாள். வழியெல்லாம் மரகதத்தைத் திட்டித் தீர்த்தாள். ஒரு வரி எழுத அலகு தேய்ந்துபோகுமா என்று கல்லைக் கேட்டாள், புல்லைக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். செவ்வந்தி கணினியை நாற்பதாவது தடவையோ ஐம்பதாவது தடவையோ அணைத்துப் போட்டாள். அது எழும்வரை பொறுக்காமல், என் தலையெழுத்தே என்று விசைப்பலகையின்மேல் தலையைச் சாய்த்துவிட்டாள். முழங்கை ஷிஃப்ட் விசையின்மேல் கிடந்தது.

நிமிர்ந்தபோது திரையில் இதுவரை பார்க்காத ஒரு பட்டியல். முதல் வரியில் புதிய கெர்னல், இரண்டாம் வரியில் பழைய கெர்னல். கெர்னல் என்பது லினக்ஸின் அடிமரம். அதற்குமேல்தான் மற்றதெல்லாம். அப்டேட் அடிமரத்தையே மாற்றிவிட்டது, ஆனால் பழையதைத் தூக்கி எறியவில்லை. போனால் போகிறது என்று இரண்டாம் வரியை அமுக்கினாள். கணினி எழுந்தது. கன்ட்ரோலரில் விளக்கு எரிந்தது.

செவ்வந்தி போட்ட கூச்சலில் குட்டிகள் பயந்து வளைக்குள் ஓடின. அவள் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள். நல்லவள் அல்லவா, உதவிக்கு வந்தவர்களை மறக்கக் கூடாது என்று நினைத்து, ஆட்டத்தின் நடுவிலேயே மன்றத்தைத் திறந்து இரண்டு சொல் எழுதினாள். உடனே மூடிவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பயிற்சியில் இறங்கினாள். மூன்று நாள் விட்ட கை. இனி எதற்கும் நேரமில்லை.

கடமானின் சட்டம் கடுமையானது. மூன்று மணிக்குமேல் போட்டியாளர்கள் இடத்தைவிட்டு நகரக்கூடாது, போனைத் தொடக்கூடாது. போன வருஷம் பன்றிகள் போனில் பேசி ஏமாற்றப் பார்த்ததால் வந்த சட்டம் அது. ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு காகம் காவல் உட்கார்ந்தது.

நான்கு மணிக்குக் கடமான் சீழ்க்கை அடித்தாள். செவ்வந்தி துடுப்பை இழுத்தாள். ஓடம் அசையவில்லை. மறுபடி இழுத்தாள். சுக்கானில் வரதன் இல்லை. பக்கத்தில் பன்றிகளின் ஓடம் கிளம்பிப் போய்க் கரையில் முட்டியது. பின்வாங்கி எதிர்க்கரையில் முட்டியது. அந்தப் பன்றிகள் கணினியை நான்கு வருஷமாகத் துடைத்ததுகூட இல்லை. துடுப்புக்கும் சுக்கானுக்கும் வித்தியாசம் தெரியாதவை. வரதன் மட்டும் இருந்திருந்தால் ஒற்றைக் கையால் ஜெயித்திருக்கலாம். செவ்வந்தி தொண்டை கிழிய அவன் பெயரைக் கத்திக்கொண்டே இருந்தாள். பதினேழு இடத்தில் முட்டி, பன்றிகளின் ஓடம் எல்லையைத் தொட்டது. மடு அவற்றுக்கே என்று கடமான் சொல்லிவிட்டாள்.

காவல் விலகியதும் வரதன் மூச்சிரைக்கக் குளத்தைக் கடந்து வந்தான். செவ்வந்தி அவன்மேல் பாயாத குறை.

“எங்கண்ணே போய்த் தொலைஞ்சீங்க? என் புள்ளைங்களுக்கு இனி தண்ணிக்கு எங்க போவேன்?”

“எங்கயும் போகலம்மா. மூணு மணியிலேர்ந்து கணினி முன்னாடிதான் இருந்தேன். நேத்து அணைச்சப்போ அது தானா அப்டேட் ஆயிருக்கு. இன்னிக்குத் தொறந்தா கன்ட்ரோலரக் காணோம்.”

“என்னக் கேட்டிருக்கலாமேண்ணே?” என்றாள் செவ்வந்தி.

“இடத்தவிட்டு எழும்ப முடியாது. போன் பண்ண முடியாது. மன்றத்துல பாத்தேன், உனக்குத் தீந்துடுச்சுன்னு தெரிஞ்சுது. அப்பாடான்னு இருந்துச்சு. தொறந்து பாத்தேன்.” வரதன் கோபப்படக்கூட இல்லை.

செவ்வந்தி மன்றத்தைத் திறந்தாள். அவள் எழுதியது அப்படியே இருந்தது: ‘சரியாகிவிட்டது, நன்றி.’ அதன் கீழே வரதன் எழுதியிருந்தான். மூன்று ஐந்துக்கு ஒருமுறை, மூன்று பத்துக்கு ஒருமுறை, நான்கடிக்கும்வரை மொத்தம் பதினோரு முறை. பதினொன்றும் ஒரே சொல்தான்: ‘எப்படி?’

கணினி எழும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடி, பழைய கெர்னலை எடு. சொல்லவேண்டியிருந்தது அவ்வளவுதான். எழுத அரை நிமிஷம் ஆகியிருக்குமா? மரகதத்தைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு ஞாபகம் வந்தது. வெளியே பன்றிகள் மடுவில் இறங்கும் சத்தம் கேட்டது. செவ்வந்தி முதலில் அந்த ஒரு வரியை மன்றத்தில் எழுதினாள். பிறகு குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடரியில் கவ்வி வளைக்கு வெளியே விட்டு, வெயில் தணியுமுன்பே அவற்றோடு தண்ணீர் தேடி மலையோடைப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

தன் சிக்கல் தீர்ந்த சந்தோஷத்தில் தீர்ந்த வழியைச் சொல்லாமல் போகிறவன், அடுத்தவனைத் தவிக்கவிடுவதோடு தன் குடியையும் தானே கெடுத்துக்கொள்வான்.