பவுலினின் மிச்சக் குரல்

சிஷ்யன் தேடி வந்தபோது குரு சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு ரஹ்மத் நிஷா. மாவட்டப் பலகுரல் போட்டியில் முதல் பரிசு. சிஷ்யன் பத்தாம் வகுப்பு நீலமேகம். ஹெச்.எம்., பி.டி. சார், மினி பஸ் கண்டக்டர், வீட்டு மிக்ஸி, எல்லாம் அவன் தொண்டைக்குள் குடியிருந்தன.

"குருவே, ஒரு சிக்கல்."

"சொல்லு சிஷ்யா. ஊறுகாய் வேணுமா?"

"வேணாம். எங்க கிளாஸ் பவுலின் பிரேயர்ல நியூஸ் வாசிக்கிறப்போ திக்கிட்டா. அதை அப்படியே பேசி, வாய்ஸ் நோட்டா கிளாஸ் குரூப்ல போட்டேன்."

"ம்."

"ஸ்கூல் பூரா ஃபார்வர்டு ஆயிருச்சு. அவ தண்ணி குடிக்கப் போனாக்கூட 'வா... வா... வானிலை'ங்கறானுங்க. நாளைக்கு அவ முறை. இனிமே வாசிக்கவே மாட்டேன்னு மிஸ்கிட்ட சொல்லிட்டா. நான் டெலீட் பண்ணிட்டேன்க்கா. சாரின்னு மெசேஜும் போட்டேன். இன்னும் என்ன செய்யணும்?"

"அவளை மாதிரி பேசு."

தயங்கினான். பேசினான். அச்சு அசல்.

"சரி, அவ சிரிச்சா எப்படி இருக்கும்?"

"ஆங்?"

"பஸ்ல சீட் பிடிக்கச் சொல்லிக் கத்தினா? தம்பியை அதட்டினா?"

சிஷ்யன் வாயைத் திறந்தான். மிக்ஸி சத்தம்கூட வரவில்லை.

"ஹெச்.எம். குரலை எத்தனை நாள் கேட்டே?"

"நாலு வருஷம்."

"பவுலினை?"

"...நாலு செகண்ட்."

குரு டிபன் பாக்ஸை மூடினார்.

"போ. மிச்சத்தைக் கேட்டுட்டு வா."

பவுலின் குழாயடியில் தோழிகளோடு இருந்தாள். சிஷ்யன் நேராக அவள் முன்னால் போய் நின்றான்.

"சாரி, பவுலின்."

அவள் பாட்டிலை மூடினாள். ஒரு விரலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள், அவனைப் போலவே. "சா...ரி பவுலின்." பாதியில் உடைந்து கீச்சிடும் அவன் குரல், கீச்சு உட்பட! பிறகு, "இது நீ ஹெச்.எம். மாதிரி பேசுறது" என்று சொல்லி ஒரு செருமல். தொண்டையில் ஆட்டுக்குட்டி மாட்டிக்கொண்டது போலிருந்தது.

குழாயடியே குலுங்கியது. சிஷ்யனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"எப்படிடி பிடிச்சே?"

"நாலு வருஷமா உன் சத்தத்தைத்தானே கேட்டுக்கிட்டிருக்கோம்." அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு வாசிக்கிறேன். நீ முன்வரிசையில நின்னு கேளு. கடைசி வரைக்கும்."

மறுநாள் வாசித்தாள். இரண்டு இடத்தில் திக்கியது. நிறுத்தினாள், மூச்சு விட்டாள், முடித்தாள். பின்வரிசையில் கிளம்பிய ஒரு 'வா...'வை நீலமேகம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அது அங்கேயே அடங்கியது.

இடைவேளையில் சிஷ்யன் ஓடி வந்தான்.

"குருவே! பவுலின் குரல் முழுசா வந்துருச்சு! சிரிப்பு, அதட்டல், எல்லாம்! பேசிக் காட்டட்டுமா?"

"எனக்கு எதுக்கு? அவகிட்ட பேசிக் காட்டு. அவ சிரிச்சா வந்துருச்சுன்னு அர்த்தம்."